லாக் பார்க்கும் செயலி எப்போது நம்மைக் கூப்பிட வேண்டும்?

#1 விளக்குத்தூண்

லினக்ஸ் மேசைக்கணினிக்கான, லாக் (கணினியில் நடப்பவற்றின் பதிவு வரிகள்) பார்க்கும் ஒரு சிறிய செயலியில் பங்களித்துவருகிறேன். லினக்ஸில் அந்த வரிகள் சேரும் பதிவேடான சிஸ்டம்டி ஜர்னலை நேரடியாகப் படித்து வரிசையாகக் காட்டும். முன்னுரிமை நிலை, சர்வீஸ் (பின்னணியில் ஓடும் நிரல்), நேரம் என்று வடிகட்டலாம். இப்போது அதில் அறிவிப்பு வசதி சேர்ப்பதென்று முடிவாகி, வடிவமைக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. நிரலில் கைவைப்பதற்கு முன் இங்கே உள்ளவர்களின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று தோன்றியது.

குழுவில் முதலில் எழுந்த யோசனை இது: ‘பிழை’ நிலையிலோ அதைவிடக் கடுமையான நிலையிலோ ஒரு வரி வந்தால் திரை மூலையில் ஓர் அறிவிப்பு எழ வேண்டும். நான் இதை எதிர்க்கிறேன்.

0 முதல் 7 வரையிலான அந்த எட்டு நிலைகள் (0 மிகக் கடுமையானது, 3 ‘பிழை’) சிஸ்லாக் காலத்தவை. 1980-களில் எரிக் ஆல்மன் சென்ட்மெயில் என்ற மின்னஞ்சல் நிரலுக்காக எழுதியது சிஸ்லாக். அந்த எண்ணைத் தீர்மானிப்பவர் நிரலை எழுதியவர். கணினியின் முன் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த வரி எவ்வளவு முக்கியம் என்பது அவருக்குத் தெரியாது. பல மடிக்கணினிகளில் ஒவ்வொரு முறை இயக்கும்போதும் ஏசிபிஐ பயாஸ் பிழை (கணினியின் அடிப்படை மென்பொருள் சார்ந்தது) என்று வரிசையாகச் சிவப்பு வரிகள் வருகின்றன. நிலை 3. பெரும்பாலும் அவற்றால் பயனருக்கு எந்தப் பாதிப்பும் இல்லை, அவர் செய்யக்கூடியதும் ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு செயலி செக்ஃபால்ட் ஆகி (தவறான நினைவக இடத்தைத் தொட்டு) விழுந்தால் கெர்னல் (இயங்குதளத்தின் கரு) அதை நிலை 6-ல், ‘தகவல்’ என்றுதான் எழுதுகிறது. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாக யாரோ தவறான கடவுச்சொல்லை மாற்றி மாற்றி முயன்றாலும் அதே நிலை 6 தான். நிலையை மட்டும் நம்பினால் தேவையற்றதற்கெல்லாம் கூப்பிடுவோம், தேவைப்படும்போது பேசாமல் இருப்போம்.

என் முன்மொழிவு: நிகழ்வின் வகையைப் பார்த்து அறிவிக்க வேண்டும். ஜர்னலில் சில வரிகளுக்கு 128 பிட் செய்தி அடையாள எண் உண்டு. ஒரு செயலி விழுந்து கோர்டம்ப் (அதன் அப்போதைய நினைவகத்தின் நகல்) எடுக்கப்பட்டால் அதற்கென்று ஓர் எண், ஒரு சர்வீஸ் தொடங்க முடியாமல் போனால் அதற்கென்று வேறோர் எண். வரியின் வாசகத்தைத் தேடிப் பொருத்த வேண்டிய தேவையே இல்லை. கெர்னல் வரிகளுக்கு அப்படிப்பட்ட எண் கிடையாது. அவற்றுக்கு வாசகப் பொருத்தம்தான் வழி. அந்தப் பட்டியலை மிகச் சிறிதாக வைக்க விரும்புகிறேன்.

எதைச் சேர்க்கலாம், எதைச் சேர்க்கக் கூடாது? பயன்பாட்டில் வேறு என்ன குறைகள் உங்களை வருத்துகின்றன?

#2 இரவுப்பணி

நல்ல தொடக்கம். ஆனால் எதை அறிவிப்பது என்பதற்கு முன்னால், ஒரு நாளைக்கு எத்தனை அறிவிப்பு வரை பயனர் தாங்குவார் என்று முடிவு செய்யுங்கள். வரிசை மாறினால் வேலை கெடும்.

தொழிற்சாலைகளில் இந்தப் பாடத்தை மிகுந்த விலை கொடுத்துக் கற்றிருக்கிறார்கள். 1994 ஜூலை 24 அன்று வேல்ஸின் மில்ஃபோர்ட் ஹேவன் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வெடிவிபத்து நடந்தது. வெடிப்பதற்கு முந்தைய கடைசி 11 நிமிடங்களில் இரண்டே ஆபரேட்டர்கள் 275 அலாரங்களைக் கவனித்துச் செயல்பட வேண்டியிருந்தது என்று பிரிட்டிஷ் பாதுகாப்பு ஆணையத்தின் விசாரணை அறிக்கை சொல்கிறது. அலாரம் ஒலிக்காததால் வந்த வினை இல்லை அது. ஒலித்தவற்றில் எதைப் பிடித்துக்கொள்வது என்று மனிதரால் பிரித்தறிய முடியவில்லை. 1999-ல் வெளியான ஈஈஎம்யூஏ 191 என்ற அலார வழிகாட்டி, இயல்பான நேரத்தில் சராசரியாக 10 நிமிடத்துக்கு ஓர் அலாரத்துக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது என்றது. அதுவும் அந்தத் திரையைப் பார்ப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிற ஆபரேட்டருக்கு. வீட்டில் படம் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு வாரத்துக்கு ஒன்று வந்தாலே அதிகம் என்பேன்.

இன்னொன்று. டெபியன் லினக்ஸில் லாக்செக் என்று ஒரு பழைய கருவி உண்டு. வழக்கமாக மணிக்கு ஒருமுறை ஓடும். இன்ன இன்ன வரிகள் சாதாரணமானவை என்று ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு, அதில் அடங்காத எல்லாவற்றையும் மின்னஞ்சலில் அனுப்பிவிடும். தெரியாதது எதுவும் நழுவக் கூடாது என்பது அதன் கொள்கை. சர்வர் பார்ப்பவனாக எனக்கு அந்தக் கொள்கை பிடிக்கும். உங்கள் முன்மொழிவு அதற்கு நேர் எதிரானது. தெரிந்த சிலவற்றை மட்டும் சொல்வது. மேசைக்கணினிக்கு அதுதான் சரி என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சர்வருக்கு இதையே எடுத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள்.

#3 கொக்கி

அடிப்படையான ஒரு கேள்வி. பார்வைச் செயலி எதற்கு அறிவிக்க வேண்டும்? ஜன்னலை மூடினால் அது ஓடாது. ஜன்னல் திறந்திருக்கிறது என்றால் பயனர் ஏற்கெனவே லாக்கைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

பின்னணியில் ஓடும் ஒரு சிறு சர்வீஸைத் தனியாக எழுதுங்கள். ஜர்னலின் ஒவ்வொரு வரிக்கும் கர்சர் (அதன் இடத்தைக் குறிக்கும் அடையாளம்) உண்டல்லவா? கடைசியாகப் பார்த்த வரியின் கர்சரைச் சேமித்து வைத்தால், கணினியை அணைத்து இயக்கிய பிறகும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அறிவிப்பைச் சொடுக்கியதும் பார்வைச் செயலி அதே கர்சரில் போய் நிற்க வேண்டும்.

அனுமதியையும் யோசியுங்கள். சிஸ்டம்டி-ஜர்னல், ஏடிஎம், வீல் ஆகிய குழுக்களில் இல்லாத பயனருக்கு அவருடைய சொந்த வரிகள் மட்டுமே தெரியும். அவருக்கு வட்டுப் பிழை பற்றிய அறிவிப்பு வரவே வராது. அதை அமைப்புத் திரையில் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். எல்லாம் சரியாக இருக்கிறது என்று அவர் நம்பிக்கொண்டிருக்கக் கூடாது.

#4 விளக்குத்தூண்

> பின்னணியில் ஓடும் ஒரு சிறு சர்வீஸைத் தனியாக எழுதுங்கள்.

முழுமையாக ஏற்கிறேன். அப்படியே செய்வோம்.

இனி அறிவிப்பையே கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். வெளியில் செருகிய வன்தட்டு பழுதாகத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கெர்னல் சில நொடிகளில் ‘ஐ/ஓ எரர்’ என்று நூற்றுக்கணக்கான வரிகளை எழுதித் தள்ளும். ஒவ்வொன்றிலும் செக்டர் எண் மட்டும் மாறும். இதற்கு நான் எழுதியிருக்கும் வாசகம் (‘எஸ்டிபி’ என்பது அந்த வட்டுக்கு லினக்ஸ் தரும் பெயர்):

‘எஸ்டிபி’ வட்டைப் படிக்க முடியவில்லை
10:42 முதல் 214 பிழைகள். முக்கியமான கோப்புகளை இப்போதே வேறிடத்துக்கு நகலெடுங்கள்.
[லாக்கில் காட்டு] [இந்த வட்டுக்கு நிறுத்து]

214 பிழைக்கும் சேர்த்து ஒரே அறிவிப்புதான். லினக்ஸ் மேசைச் சூழல்களுக்குப் பொதுவான ஃப்ரீடெஸ்க்டாப் அறிவிப்பு விதிமுறையில், முன்பு அனுப்பிய அறிவிப்பின் எண்ணைக் கொடுத்தால் புதியது அதன் இடத்திலேயே போய் உட்கார்ந்துவிடும். எனவே எண்ணிக்கை மட்டும் அங்கேயே ஏறிக்கொண்டிருக்கும், திரையில் குவியல் இருக்காது. அறிவிப்பு மூடப்படும்போது ஏன் மூடப்பட்டது என்ற காரண எண்ணும் நமக்குத் திரும்பி வருகிறது. 1 என்றால் நேரம் முடிந்து தானாக மறைந்தது. 2 என்றால் பயனரே மூடினார். பயனர் மூடியதை அடுத்த நொடியே மறுபடி எழுப்புவது அவரை மதிக்காத செயல். அதன் பிறகு எண்ணிக்கையைச் செயலிக்குள் மட்டும் கூட்டிக்கொண்டு போனால் போதும்.

அறிவிப்பின் அவசர நிலைகள் மூன்று: 0, 1, 2 (லாக் நிலைக்கு மாறாக, இங்கே 2 தான் மிக அவசரம்). விதிமுறைப்படி 2-ஆம் நிலை அறிவிப்பு தானாக மறையக் கூடாது. அதை வட்டுப் பிழை ஒன்றுக்கு மட்டும் கொடுக்க நினைக்கிறேன். சர்வீஸ் தொடங்காதது, நினைவகம் போதாமல் கெர்னல் ஒரு செயலியைக் கொன்றது, இரண்டும் 1.

[லாக்கில் காட்டு] என்பதைச் சொடுக்கினால் அந்த ஒரு வரி மட்டும் தெரிவதால் பயன் குறைவு. அதற்கு முன்னும் பின்னும் 30 நொடிகளில் என்னவெல்லாம் நடந்ததோ, அத்தனையும் வடிகட்டி இல்லாமல் தெரிய வேண்டும். காரணம் பெரும்பாலும் பிழை வரியில் இருக்காது. அதற்கு இரண்டு மூன்று வரிகள் முன்னால், யூஎஸ்பி இணைப்பு அறுந்து மீண்டும் ஒட்டியது என்ற ‘தகவல்’ வரியில் இருக்கும். இன்று பிழை வடிகட்டியைப் போட்டதும் அந்த வரிதான் முதலில் மறைந்துபோகிறது.

#5 கொக்கி

வாசகம் அருமை. ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள்: லாக்கின் மூல வரியை அறிவிப்பில் ஒருபோதும் அப்படியே போடாதீர்கள். பூட்டிய திரையிலும் அறிவிப்பு தெரியும், கூட்டத்தில் திரையைப் பகிரும்போதும் தெரியும். அவசரத்தில் பயனர் பெயர் கேட்கும் இடத்தில் கடவுச்சொல்லைத் தட்டிவிடுபவர்கள் எல்லா இடத்திலும் உண்டு. அது லாக்கில் பயனர் பெயராகப் பதிந்துவிடும். இந்த ஆபத்துக்காகவே, தெரியாத பயனர் பெயரை லாக்கில் எழுதலாமா வேண்டாமா என்று கேட்கும் தனி அமைப்பு லாகின்.டெஃப்ஸ் கோப்பில் இருக்கிறது. நாம் எழுதிய வாசகம், அதில் வட்டின் பெயர் அல்லது சர்வீஸின் பெயர். அதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

#6 மாடிவீடு

நான் நிரல் எழுதுபவள் இல்லை. தெருவில் உள்ள பெரியவர்களின் கணினிகளில் ஏதாவது கோளாறு என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்தப் பக்கத்திலிருந்து ஒன்று சொல்ல வேண்டும்.

விண்டோஸில் ஈவென்ட் வியூவர் 1993-ல் வந்த என்டி 3.1 காலத்திலிருந்தே இருக்கிறது. தொலைபேசி மோசடிக்காரர்களுக்கு அது எவ்வளவு வசதியான ஆயுதம் என்று உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். “உங்கள் கணினியில் வைரஸ் நுழைந்திருக்கிறது. நான் சொல்வதைத் திறந்து பாருங்கள்” என்பார்கள். திறந்தால் சிவப்பும் மஞ்சளுமாகப் பிழைகள் நிரம்பிக் கிடக்கும். ஆரோக்கியமான கணினியிலும் அப்படித்தான் கிடக்கும். டிஸ்ட்ரிபியூட்டட்காம் 10016 என்ற பிழையை எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பொருட்படுத்த வேண்டாம், வடிவமைப்பின்படியே வருவது என்று மைக்ரோசாஃப்டே தன் உதவிப் பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறது. ஆனால் திரையில் அது ‘பிழை’ என்றோ ‘எச்சரிக்கை’ என்றோ வந்து நிற்கிறது. வயதானவர் அதைக் கண்ணால் பார்க்கிறார், பயந்துவிடுகிறார், எதிர்முனையில் உள்ளவன் கேட்பதையெல்லாம் கொடுத்துவிடுகிறார். எனக்குத் தெரிந்த ஒரு பாட்டி ஓய்வூதியப் பணத்தை இப்படி இழந்தார். அந்தச் சிவப்புப் பட்டியலில் ‘இது வழக்கமானது’ என்று ஒரு வார்த்தை இருந்திருந்தால், ஒருவேளை அவர் தொலைபேசியை வைத்திருப்பார்.

அதனால் கேட்கிறேன். எல்லோருக்கும் வருகிற, தீங்கில்லாத பிழைகள் என்று தெரிந்தவற்றுக்குச் சிவப்பு நிறத்தைக் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு வரியின் பக்கத்திலும் “இதற்கு என்ன பொருள்?” என்று ஓர் இடம் வையுங்கள். தெரியாத வரிக்கு “இதற்கான விளக்கம் எங்களிடம் இல்லை” என்று எழுதுங்கள், அது போதும். தெரிந்ததுபோல் பயமுறுத்தக் கூடாது.

#7 விளக்குத்தூண்

அக்கா, இதை நான் இந்தக் கோணத்தில் பார்த்ததே இல்லை. மிக்க நன்றி.

விளக்கத்துக்கு ஓரளவு வழி ஏற்கெனவே இருக்கிறது. ஜர்னலுடன் செய்தி விளக்கத் தொகுப்பு ஒன்று வருகிறது. அடையாள எண் உள்ள வரிகளுக்கு என்ன நடந்தது என்ற விளக்கம் அதில் உண்டு. முனையத்தில் ஜர்னல்சிடிஎல் கட்டளையோடு எக்ஸ் விருப்பத்தைக் கொடுத்தால் வரிகளுக்கு நடுவே வரும். பல மொழிகளில் மொழிபெயர்க்கவும் முடியும். நம் செயலி அதைக் காட்டுவதே இல்லை. வரியைத் தேர்ந்தெடுத்ததும் வலப்பக்கத்தில் அதைக் காட்டுவது முதல் வேலையாக இருக்கட்டும்.

நிறம் பற்றியும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தீங்கில்லாதது என்று யார் முத்திரை குத்துவது? அந்தப் பட்டியலைப் பராமரிப்பது பெரும் பொறுப்பு.

#8 இரவுப்பணி

அந்த முத்திரையை நீங்கள் குத்தாதீர்கள். ஒருவர் கணினியில் தீங்கில்லாத ஏசிபிஐ வரி, இன்னொருவர் கணினியில் விசிறி ஓடாமல் போனதற்கான காரணமாக இருக்கலாம். அதற்குப் பதில், இந்தக் கணினியின் பழக்கத்தைக் காட்டுங்கள்: “கடந்த 20 பூட்களிலும் இதே வரி வந்திருக்கிறது.” பூட் என்றால் கணினியை ஒருமுறை இயக்குவது. இதற்கு எந்தப் பட்டியலும் வேண்டாம். ஜர்னலில் ஒவ்வொரு வரிக்கும் பூட் அடையாளம் இருக்கிறது, எண்ணினால் போதும். எப்போதும் வருவது மங்கலாக, இன்று முதன்முறை வந்தது அடர்த்தியாக. வழக்கமானதா என்ற கேள்விக்கு அதைவிட நேர்மையான பதில் இல்லை.

ஒரு நிபந்தனை: ஜர்னல் வட்டில் சேமிக்கப்பட வேண்டும். /வார்/லாக்/ஜர்னல் அடைவு இல்லாவிட்டால், பல சிஸ்டம்டி பதிப்புகளின் இயல்பு அமைப்பில் எல்லாம் நினைவகத்திலுள்ள தற்காலிக அடைவான /ரன்-இல் தான் இருக்கும். கணினியை அணைத்தால் போய்விடும். பிறகு எண்ணுவதற்குப் பழைய பூட்டே இருக்காது.

#9 மாடிவீடு

“கடந்த 20 முறையும் வந்திருக்கிறது.” இதை எந்தப் பெரியவரும் படித்தவுடனே புரிந்துகொள்வார். எனக்கு இது போதும்.

#10 செவிவழி

நான் ஆர்க்கா திரைவாசிப்பானோடு லினக்ஸ் பயன்படுத்துபவன். பார்வை கிடையாது. லாக் பார்க்கும் செயலிகள் எல்லாவற்றிலும் எனக்கு ஒரே துன்பம்தான், அதைச் சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

புதிய வரிகள் வந்துகொண்டே இருக்கும் ‘நேரலை’ முறையில் சில செயலிகள் வருகிற ஒவ்வொரு வரியையும் திரைவாசிப்பானுக்குத் தள்ளுகின்றன. பேச்சு ஒரு வரியைத் தொடங்கும், முடிக்கும் முன் அடுத்தது அதை வெட்டும், பிறகு அடுத்தது. ஒரு வரியைக்கூட முழுமையாகக் கேட்க முடியாது. வேறு சில செயலிகள் எதையுமே சொல்வதில்லை. பட்டியல் கீழே வளர்ந்துகொண்டிருப்பது எனக்குத் தெரியவே தெரியாது. எனக்கு வேண்டியது இடைநிலை: சிறிது நேரத்துக்கு ஒருமுறை “12 புதிய வரிகள், அதில் 1 பிழை” என்று ஒரே வாக்கியம். கேட்டுவிட்டு, வேண்டுமென்றால் நானே போய்ப் பார்த்துக்கொள்வேன்.

அதைவிடக் கொடுமை, குவியம் (பட்டியலில் நான் நிற்கும் இடம்) மாறுவது. ஒரு வரியில் நின்று எழுத்தெழுத்தாகக் கேட்டுக்கொண்டிருப்பேன். செயலி நினைவகத்தை மிச்சப்படுத்தப் பட்டியலின் மேல்பகுதியை வெட்டும். நான் நின்ற வரி நகர்ந்து, வேறொரு வரியில் நிற்பேன். எங்கே இருந்தேன் என்று தேடுவதிலேயே வேலை தீர்ந்துவிடும். நான் நிற்கும் வரி, நான் நகரும்வரை நகரக் கூடாது.

அடுத்த பிழைக்குத் தாவ ஒரு விசை, முந்தைய பிழைக்கு ஒரு விசை கொடுங்கள். வரியைப் படிக்கும்போது செய்தியை முதலிலும் நேரத்தைக் கடைசியிலும் சொல்லுங்கள். இப்போது ஒவ்வொரு வரிக்கும் ஆண்டு, மாதம், நாள், மணி, கணினியின் பெயர் எல்லாம் கேட்டு முடித்த பிறகுதான் செய்தி வருகிறது. நிறத்தால் மட்டும் காட்டுகிற எதுவும் எனக்குக் கிடையாது. ‘மங்கல்’, ‘அடர்த்தி’ என்று மேலே சொன்னதற்கும் சொல் வடிவம் வேண்டும்: “புதியது”, “வழக்கமானது”. நிறக்குருடு உள்ளவர்களுக்கும் அது உதவும்.

#11 ராஸ்பெர்ரித்தோட்டம்

செவிவழி சொன்ன குவியம் பிரச்சினை, பார்வை உள்ளவர்களுக்கும் வேறு வடிவில் உண்டு. மேலே உருட்டிப் போய் ஒன்றைப் படித்துக்கொண்டிருக்கும்போது புதிய வரி வந்து அடிக்கு இழுத்துப் போய்விடும். பயனர் மேலே உருட்டிய கணமே பின்தொடர்வது நிற்க வேண்டும். அடியில் “38 புதியவை” என்று ஒரு பொத்தான் இருந்தால், சொடுக்கினால் மட்டும் கீழே போகட்டும்.

என் பக்கத்திலிருந்து நேரம் பற்றி. பழைய ராஸ்பெர்ரி பை பலகைகளில் மின்கலத்தில் ஓடும் கடிகாரம் கிடையாது. இயக்கியதும் பழைய நேரத்திலிருந்து தொடங்கும். பிணையம் கிடைத்ததும் ஒரே தாவலில் சரியான நேரத்துக்கு வரும். அதை அறியாமல் நேரப்படி வரிசைப்படுத்தினால், பூட்டின் முதல் நிமிடம் முந்தைய பூட்டின் நடுவே போய்ச் செருகிக்கொள்ளும். ஜர்னலில் பூட் தொடங்கியதிலிருந்து எண்ணும் நேரமும் ஒவ்வொரு வரியிலும் இருக்கிறது. பூட்டுக்குள் அதன்படி வரிசைப்படுத்துங்கள். கடிகாரம் தாவிய இடத்தில் “இங்கே கடிகாரம் திருத்தப்பட்டது” என்று ஒரு கோடு போடுங்கள்.

விடுபட்ட வரிகளுக்கும் அதேபோல் கோடு வேண்டும். ஒரு சர்வீஸ் 30 நொடிக்குள் 10,000 வரிகளுக்கு மேல் எழுதினால் ஜர்னல் இயல்பாகவே மிச்சத்தைத் தள்ளிவிடுகிறது. வட்டில் இடம் குறைவாக இருந்தால் அந்த வரம்பும் மாறும். இத்தனை வரிகள் அடக்கப்பட்டன என்று ஒரே ஒரு சாதாரண வரி மட்டும் மிஞ்சும். கோளாறு உச்சத்தில் இருந்த நேரத்தின் சாட்சி அங்கேதான் இல்லாமல் போயிருக்கிறது. அதைக் கூட்டத்தில் ஒருவராக நிறுத்துவது பெரிய தவறு.

பட்டியலுக்கு மின்னழுத்தக் குறைவையும் சேர்க்கச் சொல்கிறேன். பை பலகையில் மின்னழுத்தம் ஏறக்குறைய 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் கெர்னல் எழுதும். பயனர் அதற்குச் செய்யக்கூடியது தெளிவாக இருக்கிறது: நல்ல மின்வழங்கியை மாற்றுவது.

#12 இரவுப்பணி

[இந்த வட்டுக்கு நிறுத்து] என்ற பொத்தானை நான் எதிர்க்கிறேன். சாகப்போகிற வட்டைப் பற்றி வாய் திறக்காதே என்று சொல்ல ஏன் வழி கொடுக்க வேண்டும்? பயனர் எரிச்சலில் அழுத்துவார், மறந்துவிடுவார், பிறகு வட்டு போய்விடும்.

#13 விளக்குத்தூண்

இங்கே உங்களோடு உடன்பட மாட்டேன். பழுதான வட்டு என்று தெரிந்தே அதிலிருந்து கோப்புகளை மீட்டுக்கொண்டிருப்பவருக்கு நம் அறிவிப்பு இடைஞ்சல். நிறுத்த வழி இல்லையென்றால் அவர் முழு அறிவிப்பு வசதியையும் அணைத்துவிடுவார். அப்போது இழப்பு பெரிது. ஒவ்வொரு சின்ன விஷயத்துக்கும் ‘புலி வருகிறது’ என்று கத்தினால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்று நீங்கள்தானே தொடக்கத்தில் மில்ஃபோர்ட் ஹேவனைக் காட்டி வாதாடினீர்கள்?

ஆனால் உங்கள் அச்சம் நியாயமானது. நிறுத்தம் அடுத்த பூட் வரை மட்டும் செல்லட்டும். நிறுத்தினாலும் வரிகள் லாக்கில் அப்படியே இருக்கும். செயலியைத் திறந்தால் உச்சியிலேயே “எஸ்டிபி: அறிவிப்பு நிறுத்தப்பட்டுள்ளது, இதுவரை 1,906 பிழைகள்” என்று நிற்கும்.

#14 இரவுப்பணி

அடுத்த பூட் வரை என்றால் ஏற்கிறேன். ஆனால் எஸ்டிபி என்ற பெயரில் நிறுத்தாதீர்கள். ஒரு வட்டைக் கழற்றி இன்னொன்றைச் செருகினால் அதற்கும் அதே பெயர் கிடைக்கலாம். வட்டின் வரிசை எண்ணோடு கட்டிவையுங்கள். அறிவிப்பிலும் எஸ்டிபி என்று போடாமல் வட்டின் தயாரிப்புப் பெயரையும் கொள்ளளவையும் போடுங்கள். மாடிவீடு அக்காவின் தெருவில் எஸ்டிபி என்றால் யாருக்குத் தெரியும்?

#15 விளக்குத்தூண்

சரி, இரண்டையும் மாற்றிவிடுகிறேன். முதல் வெளியீட்டில் நான்கே நிகழ்வுகள்: வட்டுப் பிழை, சர்வீஸ் தொடங்காதது, நினைவகம் போதாமல் செயலி கொல்லப்பட்டது, மின்னழுத்தக் குறைவு. எஸ்எஸ்ஹெச் முயற்சிகளைச் சேர்க்கவில்லை. இணையத்துக்குத் திறந்திருக்கும் கணினியில் அது ஓயாது, அதற்குத் தனிக் கருவிகள் உண்டு. செயலி விழுவதையும் இப்போதைக்கு விட்டுவிடுகிறேன், மேசைச் சூழலே அதைப் பெரும்பாலும் சொல்லிவிடுகிறது. செவிவழி கேட்டவை அறிவிப்புக்கும் முன்னால் போகும். அவை இல்லாமல் வெளியிட எனக்கு மனமில்லை. செவிவழி, முதல் வடிவம் தயாரானதும் உங்களுக்குத்தான் முதலில் அனுப்புவேன்.

ஒரே ஒரு நுட்பச் சந்தேகம் மிச்சம். பழைய அறிவிப்பின் எண்ணைக் கொடுத்து மாற்றுகிறோம். நடுவில் மேசைச் சூழலின் அறிவிப்பு சர்வர் விழுந்து மறுபடி எழுந்தால் அந்த எண் என்ன ஆகும்?

#16 கொக்கி

செல்லாது. புதிதாக எழுந்த சர்வர் எண்களை முதலிலிருந்து கொடுக்கத் தொடங்கலாம். அப்படியானால் உங்கள் கையிலுள்ள பழைய எண் வேறு செயலியின் அறிவிப்புக்குப் போயிருக்க வாய்ப்பு உண்டு. செயலிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் டி-பஸ்ஸில் அறிவிப்பு சர்வரின் பெயருக்கு உரிமையாளர் மாறினால் ஒரு சிக்னல் வரும், அதைக் கவனியுங்கள். வந்தவுடன் சேமித்துள்ள எண்கள் எல்லாவற்றையும் 0 ஆக்கிவிடுங்கள். 0 என்றால் புதிய அறிவிப்பு என்று பொருள். பிழை எண்ணிக்கையை மட்டும் அழிக்காதீர்கள், அடுத்த அறிவிப்பு 214-லிருந்து தொடரட்டும். பயனர் தானே மூடியிருந்தார் என்ற குறிப்பையும் வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் சர்வர் எழுந்ததும் அவர் மூடியதெல்லாம் திரும்ப வந்து நிற்கும்.